மரத்தையும் கழுவினோம், கூரையையும் போட்டோம்

சம்பளத்துக்கு வேலை செய்கிறவனைத் திட்டலாம், சேவைக்கு வந்தவனைத் திட்ட முடியாது. இந்தத் தொழிலில் இருக்கிற பெரிய கஷ்டமே அதுதான்.

நீங்களும் என்றைக்காவது கோயில் திருவிழாவிலோ சங்கத்து ஆண்டு விழாவிலோ "நான் பார்த்துக்கறேன்" என்று வாயை விட்டு மாட்டிக்கொண்டவராக இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும். எழுபதுகளின் நடுவில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் சர்ச்சில் ஒரு குழு இருந்தது. கடல் தாண்டி சுமத்ராவுக்குப் போய் ஏழைப் பள்ளிக்கூடங்களை ரிப்பேர் செய்து கொடுக்கிற குழு. மொத்தம் பத்துப் பேர். அதில் ஒரே ஒருத்தருக்குத்தான் கட்டட வேலை தெரியும். மற்ற ஒன்பது பேரும் அதுவரை வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடித்ததோடு சரி. அந்த ஒன்பதில் நானும் ஒருத்தி.

குவாலியோடு நானும்

ஆயர் ஈத்தாமில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கேண்டீன் நடத்திக்கொண்டிருந்தேன். ஐநூறு பிள்ளைகளுக்கு இருபது நிமிஷ இடைவேளைக்குள் மீ கோரேங் நூடுல்ஸ் வறுத்துக் கொடுக்கிறவளுக்குத் தொண்டையும் பெரிசு, குவாலியும் பெரிசு. அந்த இரும்புச் சட்டியை இரவல் கேட்டுத்தான் அந்த நவம்பரில் பாஸ்டர் வந்தார். எதற்கு என்று கேட்டேன். ஒரு கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினார்.

இபு மரியா என்று ஒரு தலைமை ஆசிரியை எழுதியது. அங்கே டீச்சரம்மாவை இபு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆற்றோரத்துக் கிராமம், ஒரே ஒரு வகுப்பறை, நாற்பத்தொரு பிள்ளைகள். கூரை மக்கிப்போய்விட்டது. கல்வி இன்ஸ்பெக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஜனவரியில் பள்ளி திறக்கும் நாளில் நேரில் வருவேன், கூரைக்குக் கீழே வகுப்பு நடக்க வேண்டும், இல்லையென்றால் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பெரிய பள்ளிக்கு மாற்றிவிடுவேன் என்று. அக்கரைக்குப் போக சம்பான் என்கிற சின்னப் படகுதான். ஆறு வயசுக் குழந்தை தினம் இரண்டு தடவை அந்த ஆற்றைத் தாண்ட வேண்டும். அந்த அம்மா பதினோரு வருஷமாக ஒற்றை ஆளாக நடத்திவந்த பள்ளி அது.

"குவாலி தரேன் பாஸ்டர். ஆனா யாரை நம்பித் தரது? போன வருஷம் பிக்னிக்குக்குக் கொடுத்தேன், கைப்பிடி இல்லாம திரும்பி வந்துச்சு" என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அதுக்குத்தான்கா, குவாலியோட நீங்களும் வந்துடுங்க லா. பேரு போன வாரமே எழுதியாச்சு."

கோடும் ரம்பமும்

கிறிஸ்துமஸ் முடிந்து போனால் பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள்தான் இருக்கும். அதற்குள் அங்கே போய் மரம் வாங்கி, அறுத்து, இழைத்துக் கூரைச் சட்டம் போட எங்கள் ஆட்களுக்குப் பன்னிரண்டு மாதம் ஆகும். அதனால் இங்கேயே சர்ச் வளாகத்தில் சனிக்கிழமை தோறும் மரத்தை அளவாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, கட்டுக் கட்டாகக் கப்பலில் ஏற்றிவிடுவது, அங்கே போய் எண்ணைப் பார்த்துப் பூட்டுவது என்று ஏற்பாடு. யோசனை துரைராஜ் அண்ணனுடையது. வேலை தெரிந்த அந்த ஒரு ஆள் அவர்தான், அரசாங்க ஆபீசில் கட்டட வரைபடம் போடுகிறவர். மரத்தைப் பலகைக் கடை காதர் பாய் இனாமாகவே கொடுத்தார்.

வேலையாட்களில் முக்கியமானவர் பாக்கியநாதன் சார். கோர்ட்டில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துப் பரம்பரை, தீவுக்கு எதிர்க்கரையில் பாகான் டாலாமில் வீடு. சனிக்கிழமை காலை ஃபெரிப் படகில் ஏறி, வெள்ளை முழுக்கைச் சட்டையும் கையில் பைலுமாக வருவார். போன வாரம் நடந்ததை எழுதிய குறிப்பை வாசித்து, எல்லாரும் சரி என்று சொன்ன பிறகுதான் ரம்பத்தைத் தொடுவார். தொட்டால் அது கோட்டை விட்டு இடப்பக்கமாகவே போகும். துரைராஜ் அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் சேவைக்கு வந்த பெரிய மனுஷனை என்ன சொல்வது? "ரொம்ப நல்லாருக்கு சார். கொஞ்சம் கோட்டு மேலயே போனா இன்னும் நல்லாருக்கும்" என்பார். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பதில் சொல்வார்: "தம்பி, நாப்பது வருஷம் கோர்ட்டுல இருந்தவன் நான். கோடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். இந்த ரம்பத்துக்குத்தான் தெரியல."

கிறிஸ்துமஸ் சுத்தம்

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை. துரைராஜ் அண்ணன் காய்ச்சலில் படுத்திருந்தார். ஆண்கள் எல்லாம் கேரல் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். நாங்கள் ஐந்தாறு பெண்கள் வழக்கம்போல சர்ச்சைக் கழுவிக்கொண்டிருந்தோம். பெஞ்சு, ஜன்னல், விளக்கு எல்லாம் முடிந்தது. வெளியே வந்து பார்த்தால் வளாகத்தில் நூற்றுப் பன்னிரண்டு மரத்துண்டுகள், மேலெல்லாம் தூசி, புறா எச்சம், போதாததற்கு சாக்பீஸ் கிறுக்கல். துண்டுகளின் எண்களைப் பெயின்ட்டில் எழுதப்போவதாக அண்ணன் சொல்லியிருந்தார். ஆகவே இந்தக் கிறுக்கல் சண்டே ஸ்கூல் வாண்டுகளின் வேலை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பெயின்ட் வர லேட்டானதால் அண்ணன் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறார் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"அடுத்தவங்க ஊருக்கு இப்படியா அழுக்கா அனுப்புவாங்க?" என்று நான்தான் ஆரம்பித்தேன். சோப்புத்தூள், தேங்காய் நார், இரண்டு மணி நேரம் தேய்த்தோம். மரம் மஞ்சள் பூசினாற்போல பளபளவென்று ஆகிவிட்டது. திங்கட்கிழமை காதர் பாயின் ஆட்கள் வந்து எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி ஏற்றிப்போனார்கள். காய்ச்சல் தேறி எழுந்து வந்த அண்ணன் பார்த்தது சாக்கைத்தான். கழுவி முடித்த அன்றைக்கு, ஆஸ்பத்திரி நர்ஸான எங்கள் லில்லி இடுப்பில் கை வைத்து நின்று சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை: "இப்பதான்கா பினாங்கு பேருக்கே ஒரு மரியாதை."

சுமத்ராவுக்கு மரம்

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் அதைச் செய்தே காட்டினோம். கப்பலில் பாதிப் பேர் வாந்தி எடுத்துக் களைத்துப்போய் அக்கரையில் இறங்கினால், கஸ்டம்ஸ் அதிகாரி சாக்கைத் தட்டிப் பார்த்து "உள்ளே என்ன?" என்கிறார். மலாய் தெரிந்தவர்களுக்கு அவர்கள் பாஷை புரியும், அது ஒரு வசதி. "மரம்" என்றார் பாஸ்டர். அதிகாரி திரும்பி, துறைமுகத்துக்குப் பின்னால் தொடுவானம் வரைக்கும் நிற்கிற காட்டைப் பார்த்தார். மறுபடியும் எங்களைப் பார்த்தார்.

பாக்கியநாதன் சார் முன்னால் வந்து, மரத்துண்டுகளின் பட்டியலை மூன்று பிரதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். அதிகாரி கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்தார், முத்திரை குத்தினார், பைலை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவை வரும்போது கொஞ்சம் கடல் தண்ணியும் கொண்டு வாங்க ஐயா, இங்க பத்தலை."

மூன்று சுற்று

லாரியில் ஆறு மணி நேரம் குலுங்கி ஊர் போய்ச் சேர்ந்தோம். இபு மரியா ஒல்லியான அம்மா, நரைத்த கொண்டை, கழுத்தில் விசில். பழைய கூரையை ஊர் ஆட்கள் ஏற்கெனவே பிரித்துப்போட்டிருந்தார்கள். நாலு சுவருக்கு மேல் வெறும் வானம். துரைராஜ் அண்ணன் முதல் சாக்கை அவிழ்த்தார். ஒரு துண்டை எடுத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். இரண்டாவதை எடுத்தார். பத்தாவது துண்டு வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கையிலிருந்த வரைபடத்தில் எண் இருந்தது, மரத்தில்தான் இல்லை.

"யார் இதைக் கழுவினது?" என்றார். லில்லி மேல் பழி விழக்கூடாதே. "நான்தாண்ணே" என்றேன். அண்ணன் பள்ளிக்கூடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார், இரண்டு சுற்று, மூன்று சுற்று. பன்னிரண்டு நாள், நாற்பத்தொரு பிள்ளைகள், அந்த ஆறு, எல்லாம் என் கண் முன்னால் ஓடியது. அவர் ஓங்கி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நெஞ்சு ஆறியிருக்கும். மூன்றாவது சுற்று முடிந்து என் முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ரொம்ப சுத்தமா இருக்கு, தங்கச்சி." நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

உயரப்படி வரிசை

மறுநாள் காலை, பசியாற ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறேன், மைதானத்தில் விசில் சத்தம். இபு மரியா எங்கள் ஆட்களைக் கூட்டி வைத்து மரத்துண்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறார். காலை அசெம்பிளி மாதிரியே! குட்டையானவை முன்னால், நெட்டையானவை பின்னால். மத்தியானத்துக்குள் ஒரே நீளம் உள்ளவை ஒரு வகுப்பு என்று பிரித்து நிறுத்திவிட்டார். படத்தோடு நீளத்தை ஒப்பிட்டுப் பாதியைக் கண்டுபிடித்தோம். மீதிதான் சிக்கல். நீளம் ஒன்றுதான், ஆனால் முனைச் சரிவும் துளையும் ஒன்றுக்கொன்று நூல் அளவு வித்தியாசம். எதை எங்கே பூட்டுவது?

அப்போது பாக்கியநாதன் சார் ஒரு துண்டைத் தூக்கி, முனையை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "இது என்னோடது" என்றார். இடப்பக்கச் சரிவு! லில்லி ஓடி வந்து தன்னுடையதைப் பொறுக்கினாள், தையல் போட்ட மாதிரி நேராக இருந்தது. பாஸ்டர் அறுத்தது பாதியில் நின்று, மறுபடி ஆரம்பித்து, படி படியாக இருந்தது. சாருடைய பைலில் எல்லாம் எழுதியிருந்ததே! முதல் சனிக்கிழமை, ஒன்று முதல் பதினாலு வரை பாக்கியநாதன், பதினைந்து முதல் இருபது வரை லில்லி என்று வாரா வாரம் யார் எதை அறுத்தார் என்ற கணக்கு. அறுத்த ஆள் தெரிந்தால், நீளமும் தெரிந்தால், எண் தெரிந்துவிடும். மூன்றாம் நாள் மாலை கடைசித் துண்டுக்கு எண் எழுதினோம், இந்தத் தடவை பெயின்ட்டில். நான் சார் காலில் விழாத குறை. அவர் பைலை மூடிக்கொண்டு சொன்னார்: "பாத்தியா தங்கச்சி, எல்லாரும் நேரா அறுத்திருந்தா நம்ம கதி என்ன ஆகியிருக்கும்?"

பாஸ்டரின் கட்டைவிரல்

கூரைச் சட்டத்தின் மேல் தகரம் அடிக்கிற நாள் அது. பாஸ்டர் ஏணி உச்சியில் நின்று சுத்தியலை ஓங்கினார், ஆணிக்குப் பதில் கட்டைவிரலில் போட்டார். கீழே ஊரே நிற்கிறது. நாங்களும் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறோம். போதகர் வாயிலிருந்து என்ன வார்த்தை வரும் என்று எல்லாருக்கும் ஆசை, பொய் சொல்வானேன். அவர் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. வாய் மட்டும் திறக்கவில்லை. மெதுவாக இறங்கி வந்து லில்லியிடம் விரலை நீட்டினார். லில்லி கட்டுப் போட்டுக்கொண்டே ரகசியமாகச் சொன்னாள்: "ஏதாச்சும் சொல்லிடுங்க பாஸ்டர், உள்ளயே அடக்கி வச்சா இன்னும் வீங்கும்."

மிச்சம் இரண்டு

பள்ளி திறப்புக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்குக் கூரை முடிந்தது. எல்லாரும் கை தட்டினோம். கை தட்டி முடித்துப் பார்த்தால் புல் மேல் இரண்டு துண்டுகள் மிச்சம்! துரைராஜ் அண்ணன் மறுபடி ஏணியில் ஏறி, படத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூட்டாகத் தொட்டுப் பார்த்தார், பிடித்து உலுக்கினார், தொங்கிக்கூடப் பார்த்தார். ஒரு இடமும் காலியில்லை. கடைசியில்தான் தெரிந்தது, படத்தில் இருப்பதே நூற்றுப் பத்துதான். காதர் பாய் கடை ஆட்கள் மரத்தை இறக்கின அன்றே தாராள மனசோடு இரண்டு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், நாங்களும் அறுத்துக் கழுவிப் பட்டியலில் ஏற்றிவிட்டோம். அதற்குள் அண்ணன் சட்டை வியர்வையில் ஊறிப்போயிருந்தது. இபு மரியா அந்த இரண்டையும் எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்து அவருக்கு ஆறுதல் சொன்னார்: "கவலைப்படாதீங்க, எந்த வகுப்பிலயும் ரெண்டு பேர் வெளியே நிப்பாங்க."

திறப்பு நாள்

விடிந்ததிலிருந்து மழை. சாதாரண மழையில்லை, வானத்தைப் பிளந்து ஊற்றியது. எங்களுக்கு உள்ளூரச் சந்தோஷம், கூரைக்கு இதைவிட நல்ல பரீட்சை ஏது? ஏழரைக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். வகுப்பறைக்குள் நின்று அண்ணாந்து நாலு மூலையும் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. துரைராஜ் அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளைக்கு அப்பா மாதிரி நின்றார். இபு மரியா மணி அடித்தார்.

எட்டு மணி ஆனது. ஒரு பிள்ளை வரவில்லை. எட்டேகால். பெஞ்செல்லாம் காலி. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்து, "கூரை இருக்கு, வகுப்பு எங்கே?" என்றார். இபு மரியா முகம் வெளுத்துப்போய் எங்கள் பக்கம் திரும்பினார். "மழை" என்றார். "கூரை ஒழுக ஆரம்பிச்சு ரெண்டு வருஷமா, மழை பெஞ்சா நான் லீவு விட்டுடுவேன். பிள்ளைங்க தூங்கிக்கிட்டு இருக்கும்!" இன்ஸ்பெக்டர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் வரும் வழியில் உள்ள ஓடைப் பாலம் தண்ணீரில் மூழ்குவதற்குள் ஜீப் திரும்பியாக வேண்டும், ஒன்பது மணி வரைதான் இருப்பேன் என்றார். ஒன்பதுக்குள் வகுப்பு நடக்கவில்லையென்றால் பள்ளியை மூடும் கடிதம் அவர் பையிலேயே தயாராக இருந்தது.

பத்துப் பேரும் மழையில் குதித்தோம். முழங்கால் சேறு. ஐநூறு பிள்ளைகளை அதட்டி வரிசையில் நிறுத்திய தொண்டை எனக்கு எதற்கு இருக்கிறது? "எழுந்திரிங்க! ஸ்கூல் இருக்கு! மழையா இருந்தாலும் ஸ்கூல் இருக்கு!" என்று வீடு வீடாகக் கத்திக்கொண்டு ஓடினேன். தாய்மார்கள் பினாங்குக்காரர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பாஸ்டர் கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி தோளில் ஒன்றும் முதுகில் ஒன்றுமாக வந்தார். பாக்கியநாதன் சார் வெள்ளைச் சட்டை சேறாகி, நாலு பேரைக் கையைப் பிடித்து வரிசையாக அழைத்து வந்தார். நான் கடைசியாக ஒரு வாண்டுப் பெண்ணைப் பாயிலிருந்து அப்படியே அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தபோது, ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம்.

இபு மரியா பெயர் கூப்பிட்டார். நாற்பத்தொரு குரலும் வந்தது. இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார், ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார், பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார், பள்ளிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். இபு மரியா அந்தப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பினார். நானும் ஓவென்று அழுதுவிட்டேன், எனக்கு என்ன வெட்கம்? துரைராஜ் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

உள்ளே இடமில்லாமல் நாங்கள் பத்துப் பேரும் வாசலில் சொட்டச் சொட்ட நின்றோம். நான் தூக்கி வந்த பெண் முதல் பெஞ்சிலிருந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். "இனிமே மழை பெஞ்சாலும் ஸ்கூல் இருக்குமா?" என்று கேட்டாள். "இருக்கும் கண்ணு, இந்தக் கூரை ஒழுகாது" என்றேன் பெருமையாக. அவள் கூரையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள், எங்கள் பத்துப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள், அப்புறம் கேட்டாள்: "உங்களை யாரு வரச் சொன்னா?"

ஊருக்கு நல்லது செய்யக் கிளம்புகிறவர்கள் நன்றியை எதிர்பார்க்காமல், மாற்றுத் துணியை மட்டும் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு போவது உத்தமம்.